கிட் காரின் பின்பக்க சஸ்பென்ஷனை வீட்டிலேயே பூட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார், கட்டும்போது பின்பக்க சஸ்பென்ஷன் பூட்டுகிற கட்டம் வந்தால் கை பரபரக்கும். அதுவரை வெறும் இரும்புக் கூடாகக் கிடந்த சேசிஸ், ஆர்ம்களும் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கைகள்) ஹப்பும் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) ஏறியதும் கார் மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும். அந்த வேகத்தில், ஒரு போல்ட் உள்ளே போனவுடன் ஸ்பேனரை எடுத்து இறுக்கி முடித்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து இறுக்க வேண்டாம். எல்லாவற்றையும் முதலில் தளர்வாகப் பூட்டுங்கள். கார் ஓடும்போது எந்த உயரத்தில் நிற்குமோ, அந்த உயரத்தில் ஆர்ம்களை நிறுத்துங்கள். கடைசி முறுக்கு அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைக் காப்பாற்றினால் மற்றதெல்லாம் பொறுமை சார்ந்த வேலைதான்.

காரணம் புஷ்ஷில், அதாவது ஆர்மின் முனையில் போல்ட் நுழையும் மெத்தை வளையத்தில், இருக்கிறது. ரப்பர் புஷ்ஷில் வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் ரப்பர், உள்ளே ஒரு இரும்புக் குழாய். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை. போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் பிராக்கெட்டோடு (சேசிஸில் ஆர்ம் பூட்டும் இரட்டைத் தகடு) கெட்டியாகச் சேர்ந்துவிடும். அதன் பிறகு ஆர்ம் ஏறி இறங்குவது ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான். ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு காரைத் தரையில் இறக்கினால், ஈரத்துணியைப் பிழிந்து விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது போல, ரப்பர் எந்நேரமும் முறுக்கியபடியே இருக்கும். கார் கொஞ்சம் தூக்கலாக நிற்கும், ஸ்பிரிங் இருப்பதைவிட விறைப்பாகத் தெரியும், ரப்பரும் சீக்கிரம் கிழிந்துபோகும்.

உங்கள் கிட் எந்த வகை?

மூன்று வகைதான் பெரும்பாலும் வரும். முதலாவது லைவ் ஆக்சில்: டிஃபரன்ஷியலும் (இன்ஜினின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, சுருக்கமாக டிஃப்) இரண்டு பக்க ஷாஃப்டும் ஒரே உறைக்குள் இருக்கும், சக்கரத்தோடு சேர்ந்து மொத்தமும் ஏறி இறங்கும். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இப்படிப்பட்டதுதான்; அதை ஒட்டி வந்த பல கிட்களும் இதையே பின்பற்றின. இரண்டாவது டி டியான்: டிஃப் சேசிஸில் நிலையாக இருக்கும், இரண்டு சக்கரங்களையும் ஒரு குழாய் இணைக்கும். மூன்றாவது இன்டிபெண்டன்ட்: டிஃப் சேசிஸில், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி விஷ்போன்களில் (இரண்டு கைகளாகப் பிரியும் ‘V’ வடிவ ஆர்ம்). இன்று விற்கும் கிட்களில் மூன்றாவது வகை ஏராளம், வேலையும் அதில்தான் அதிகம். அதனால் அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் தனியே வேறுபடும் இடங்களைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்டியைப் பிரித்ததும் பாகங்களைத் தரையில் பரப்பி, இடது, வலது, மேல், கீழ் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். மேல் விஷ்போனும் கீழ் விஷ்போனும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் கிட்கள் உண்டு. ஷாக் (ஷாக் அப்சார்பர்) பூட்டும் காது எதில் இருக்கிறது, எந்தக் கை நீளம் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

போல்ட்டும் நட்டும்

போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற வலிமைத் தரம் பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட்டை சஸ்பென்ஷன் பக்கமே கொண்டுவராதீர்கள். சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் பளபளப்பாக இருக்கிறது, துருப்பிடிக்காது என்று சிலர் மாற்றிப் போடுகிறார்கள். அதன் வலிமை 8.8-ஐ எட்டாது. இந்த இடத்தில் அழகு பார்க்கக் கூடாது.

அடுத்தது மரை எங்கே தொடங்குகிறது என்பது. போல்ட்டின் மரை இல்லாத வழவழப்பான தண்டுப் பகுதிதான் பிராக்கெட்டின் இரண்டு தகடுகளிலும் உட்கார வேண்டும். மரைப் பகுதி தகட்டின் துளைக்குள் வந்தால் இரண்டு கெடுதல்: மரையின் பள்ளத்தில் போல்ட் மெலிந்திருக்கிறது, அதோடு மரை அரம்போலத் தேய்த்துத் துளையைப் பெரிதாக்கும். நீளம் கூடுதலான போல்ட்டை வாங்கி, மரைப் பக்கம் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால் நுனியை அறுத்துக்கொள்வது நல்ல வழி. நட்டு தண்டில் முட்டி நின்றுவிடாமல் இருக்க வாஷர் போட்டுப் பாருங்கள். முட்டி நின்றால் டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்குவிசை, அதாவது டார்க், வந்ததும் ஒலிக்கும் ஸ்பேனர்) கிளிக் கொடுக்கும், ஆனால் பிராக்கெட் இறுகியிருக்காது.

நைலாக் நட்டை (தளராமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு) ஒருமுறை கடைசி முறுக்கு கொடுத்துக் கழற்றினால் மாற்றிவிடுங்கள். ஒத்திகைக்கு அதே அளவு மரையுள்ள சாதாரண நட்டை வைத்துக்கொண்டால் நைலாக் வீணாகாது. எல்லாம் முடிந்தபின் நட்டுக்கு வெளியே ஒன்றரை, இரண்டு மரையாவது தெரிய வேண்டும்.

பவுடர் கோட்டிங்கைச் சுரண்டுங்கள்

கிட் சேசிஸ் பெரும்பாலும் பவுடர் கோட்டிங் செய்து வரும். பார்வைக்கு அழகு, துருவுக்கும் பாதுகாப்பு. ஆனால் போல்ட் அழுத்திப் பிடிக்கும் முகத்தில் அந்தப் பூச்சு இருந்தால், நாளடைவில் நசுங்கி விலகும். அது விலகிய அளவுக்குப் போல்ட்டின் இழுவிசை குறைந்துபோகும். நீங்கள் சரியாகத்தான் முறுக்கியிருப்பீர்கள், ஆனாலும் நட்டு தளர்ந்திருக்கும்.

பிராக்கெட்டின் உள்முகத்தில், புஷ்ஷின் உள்குழாய் உட்காரும் வட்டத்தை மட்டும் சுரண்டி இரும்பு தெரியவிடுங்கள். வெளிமுகத்தில் வாஷர் உட்காரும் இடத்தையும் அப்படியே. துளைக்குள் இருக்கும் பூச்சைக் கையால் சுழற்றும் ரீமரால் எடுங்கள். டிரில் மெஷினைப் போட்டால் துளை முட்டை வடிவமாகிவிடும் அபாயம் இருக்கிறது. சுரண்டிய இடத்தில் மெல்லியதாகக் கிரீஸ் தடவிவிட்டால் துரு வராது.

சில பிராக்கெட்டுகள் வெல்டிங் சூட்டில் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். புஷ் உள்ளே போகாது. சுத்தியலால் தட்டிப் புகுத்தாதீர்கள். ஒரு மரைக்கம்பியில் இரண்டு நட்டு, இரண்டு வாஷர் போட்டு பிராக்கெட்டின் நடுவில் வைத்து, நட்டுகளை வெளிப்பக்கமாகத் திருகினால் தகடுகள் இணையாக விரியும். அரை மில்லிமீட்டர் விரிந்தாலே போதும். எந்தப் போல்ட்டும் விரலால் தள்ளினால் போக வேண்டும். போகவில்லை என்றால் ஏதோ ஒன்று வரிசையில் இல்லை, அதைத் தேடுங்கள்.

புஷ் அடிப்பது

ரப்பர் புஷ்ஷை வைஸில் வைத்து, பெரிய சாக்கெட் ஒன்று, சின்ன சாக்கெட் ஒன்று இரண்டையும் இருபுறமும் கொடுத்து அழுத்தலாம். வெளிவளையத்தின் மேல்தான் அழுத்தம் விழ வேண்டும். உள்குழாயை அழுத்தினால் ரப்பர் ஒட்டு பிய்ந்துவிடும். ஆர்மின் வளையத்துக்குள் இருக்கும் பூச்சை முன்பே சுத்தமாக எடுத்துவிடுங்கள்.

பாலியூரித்தேன் புஷ் வேறு மாதிரி வேலை செய்யும். இதில் உள்குழாய் ஒட்டப்படவில்லை, அது புஷ்ஷுக்குள் சுழலும். அதனால் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை. ஆனாலும் பழக்கத்தை மாற்ற வேண்டாம், ஏனென்றால் ஒரே காரில் இரண்டு வகையும் கலந்து வருவது சகஜம். பாலிக்கு புஷ்ஷோடு வரும் சிலிகோன் கிரீஸை மட்டும் பூசுங்கள், உள்துளையில் தாராளமாக.

இங்கே ஒரு அளவு மிக முக்கியம். இரண்டு பாதி புஷ்ஷும் ஆர்மில் ஏறியபின், உள்குழாய் புஷ்ஷின் இரு முகங்களையும்விட மிகக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் போல இருந்தாலும் சரி. அப்போதுதான் பிராக்கெட் குழாயைப் பிடிக்கும், புஷ் சுதந்திரமாகச் சுழலும். குழாய் உள்ளே அமுங்கியிருந்தால் பிராக்கெட் பாலியை நசுக்கும். ஆர்ம் இறுகிப்போய், பாதி வழியில் நிற்கும். புஷ்ஷின் முகத்தைச் சமதளமான கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்துக் குறைக்கலாம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, போல்ட்டை இறுக்கிவிட்டு ஆர்மைத் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே மெல்ல இறங்கினால் நல்லது.

போல்ட்டின் தண்டு குழாய்க்குள் துருவேறிப் பிடித்துக்கொள்வது இந்தக் கார்களில் பழைய தொல்லை. தண்டுக்கு மட்டும் கிரீஸ் பூசுங்கள், மரைக்கு வேண்டாம். மரையில் கிரீஸ் இருந்தால் அதே டார்க்குக்கு போல்ட் அதிகமாக இழுபடும். அட்டவணையில் இருக்கும் எண் அப்போது பொருந்தாது.

டம்மி ஷாக் செய்யுங்கள்

நிற்கும் உயரத்தில் இறுக்க வேண்டும் என்றேன். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும் காரில் இன்ஜின் இல்லை, சீட் இல்லை, ஆள் இல்லை. தரையில் இறக்கினாலும் அந்த உயரத்துக்கு வராது. இதற்குத்தான் டம்மி ஷாக். ஒரு இரும்புப் பட்டையில் இரண்டு துளை போட்டால் அதுதான் டம்மி. ஷாக் இருக்கும் இடத்தில் அதைப் பூட்டினால், ஆர்ம் நிற்கும் உயரத்திலேயே அசையாமல் நிற்கும்.

துளைகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? கிட் கையேட்டில் இருந்தால் அதுவே. இல்லையென்றால் ஷாக்கை அளந்து கணக்குப் போடலாம். பொதுவான வழக்கம், மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்குவதற்கும், மூன்றில் இரண்டு பங்கு ஏறுவதற்கும் விடுவது. ஷாக் முழுவதும் நீண்டிருக்கும்போது துளை மையத்திலிருந்து மையம் வரை 330 மி.மீ., முழுவதும் அமுங்கினால் 240 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் 90 மி.மீ. அதில் மூன்றில் ஒன்று 30. ஆகவே டம்மி 300 மி.மீ. இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில், இரண்டு பட்டையையும் சேர்த்துப் பிடித்துத் துளை போடுங்கள்; அப்போதுதான் இடதும் வலதும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்கும்.

இந்தப் பட்டையைச் செய்ய அரை மணி நேரம் ஆகும். அடுத்து வரும் ஒவ்வொரு படிக்கும் இது வேண்டும்.

டிஃபரன்ஷியல்

சேசிஸை நான்கு ஆக்சில் ஸ்டாண்டில், மட்டமாக, உறுதியான குழாய்களுக்கு அடியில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. டிஃப் 20 கிலோவுக்கு மேல் இருக்கும், பிடிக்க வசதியான வடிவமும் கிடையாது. இன்னொருவர் உதவிக்கு இருந்தால் நல்லது. தனியாக என்றால் மேலே குறுக்குக் கம்பியில் ராட்செட் பட்டையைக் கட்டித் தூக்கலாம், கீழே ஜாக்கி தாங்கட்டும்.

டிஃப் ஏறியதும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இரு பக்க அவுட்புட் முகத்திலிருந்தும் சேசிஸின் கீழ்க் குழாய் வரை அளந்து, வித்தியாசத்தை ஷிம் வாஷரால் சரிசெய்யுங்கள். அப்புறம் டிஃப் மூக்கின், அதாவது அதன் முன்முனையின், சாய்வு. கியர்பாக்ஸிலிருந்து டிஃபுக்குச் செல்லும் ப்ராப்பெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். பின் ஜாயின்ட்டின் கோணம் முன் ஜாயின்ட்டுக்குச் சமமாகவும், ஷாஃப்டின் இரு கவைகளும் ஒரே தளத்திலும் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அடித்துவிடும். கியர்பாக்ஸ் வெளித்தண்டின் சாய்வையும் டிஃப் மூக்கின் சாய்வையும் டிஜிட்டல் மட்டத்தால் பாருங்கள். இரண்டும் இணையாக இருக்க வேண்டும், ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டால் போதும். கியர்பாக்ஸ் இன்னும் ஏறவில்லையா? டிஃப் போல்ட்டுகளைக் கைமுறுக்கிலேயே விட்டு அடுத்ததற்குப் போங்கள். இந்த ஒரு வேலைக்காக இன்ஜின் ஏறும்வரை காத்திருப்பது நியாயமே.

விஷ்போனும் ஹப்பும்

கீழ் விஷ்போனை முதலில் ஏற்றுங்கள். போல்ட்டின் தலை முன்பக்கமோ மேல்பக்கமோ இருக்கட்டும். நட்டு எப்போதாவது கழன்று விழுந்தாலும் போல்ட் தானாக நழுவி வெளியே வராது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இந்த விதியைப் பின்பற்ற வேண்டாம்: டிஃப் ஏறியபின் பின்னால் இழுக்க இடமில்லாத போல்ட், சக்கரத்தின் ரிம்மில் உரசும் நட்டு எல்லாம் உண்டு. எந்தப் பக்கமாகப் பிற்காலத்தில் கழற்ற முடியும் என்று யோசித்துத் திசையை முடிவு செய்யுங்கள்.

அடுத்து மேல் விஷ்போன், பிறகு டம்மி ஷாக், பிறகு ஹப் தாங்கி. ராட் எண்ட் (கூட்டுக்குள் உருண்டை அசையும், மரை வைத்த மூட்டு) இருந்தால், மரை உள்ளே போயிருக்கும் ஆழம் அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். எம்12-க்கு 18 மி.மீ. லாக் நட்டை மறக்காமல் போடுங்கள், மரையில் ஆன்டி-சீஸ் பூசுங்கள். ராட் எண்டின் வெளிப்புறம் அதன் கூட்டைவிடப் பெரிய வாஷர் ஒன்று இருக்கட்டும். உருண்டை தேய்ந்து கூட்டைவிட்டு வெளிவந்தாலும் ஆர்ம் கழன்று போகாமல் அந்த வாஷர் பிடித்துக்கொள்ளும்.

பழைய காரிலிருந்து எடுத்த ஹப் என்றால் பேரிங்கைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். இவ்வளவு தூரம் பிரித்துவிட்டுப் பழைய பேரிங்கைப் பூட்டுவது வீண். ஹப் நட்டைத் திருப்பும் முன் மரையின் திசையைப் பாருங்கள். ஒரு பக்கம் இடது மரை வைத்த கார்கள் உண்டு, தெரியாமல் நீளமான குழாய் போட்டு எதிர்த்திசையில் இழுத்தால் மரை போச்சு. ஹப் நட்டுக்கான டார்க் பெரிய எண். 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். எந்தக் காரின் பாகமோ அந்தக் காரின் கையேட்டைப் பார்த்து முறுக்குங்கள். அந்த முறுக்கு கொடுக்காமல் காரின் எடையைச் சக்கரத்தில் இறக்கி உருட்டவே கூடாது. பேரிங்கின் இரண்டு உள்வளையங்களையும் சேர்த்துப் பிடிப்பது அந்த நட்டுதான். தளர்வாக உருட்டினால் புதுப் பேரிங் அன்றே பாழ்.

டிரைவ் ஷாஃப்ட்

சிவி ஜாயின்ட்டுக்குள் (டிரைவ் ஷாஃப்ட்டின் முனையில் கோணம் மாறினாலும் சுழலும் மூட்டு) ஷாஃப்ட் உள்ளும் வெளியும் நகர இடம் இருக்கும். டம்மி ஷாக்கோடு, அதாவது நிற்கும் உயரத்தில், ஷாஃப்ட்டைக் கையால் உள்ளே தள்ளி, வெளியே இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் நகர்ந்தால் சரி. ஒரு பக்கம் இடித்து நின்றால் நீளம் பொருந்தவில்லை. டிஃப் நடுவில் இருக்கிறதா என்று மறுபடி அளந்துவிட்டு, கிட் தயாரிப்பாளரிடம் பேசுங்கள். ஜாயின்ட் போல்ட்டுகளின் மரையை எண்ணெய் இல்லாமல் துடைத்து, நடுத்தர வலிமையுள்ள திரெட் லாக் போட்டு, எதிரெதிராகச் சமமாக இறுக்குங்கள். இந்தப் போல்ட்டுகள் தளரும் பழக்கம் உள்ளவை.

லைவ் ஆக்சிலும் டி டியானும்

இவற்றில் ஆக்சிலை முன்பின் பிடிப்பது டிரெய்லிங் ஆர்ம்கள், பக்கவாட்டில் பிடிப்பது பெரும்பாலும் பான்ஹார்ட் ராட் (ஒரு முனை சேசிஸிலும் மறுமுனை ஆக்சிலிலும் பூட்டிய குறுக்குக் கம்பி). டி டியான் குழாயைப் பிடிக்கும் வகையும் இதே போலத்தான். டிஃப் மட்டும் மேலே சொன்ன முறையில்.

பான்ஹார்ட் ராட் நிற்கும் உயரத்தில் கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்பார்கள். ஏன் என்று கணக்கில் பார்த்தால் மறக்காது. ராடின் நீளம் 900 மி.மீ. என்று வையுங்கள். கிடைமட்டத்திலிருந்து ஆக்சில் 50 மி.மீ. ஏறினால் பக்கவாட்டில் நகர்வது 1.4 மி.மீ. மட்டுமே. ஆனால் நிற்கும்போதே ராடின் ஒரு முனை 50 மி.மீ. தூக்கலாக இருந்து, இன்னும் 50 ஏறினால், அதே ஏற்றத்துக்கு 4 மி.மீ.க்கு மேல் நகரும். ஓட்டுபவர் அதை மேடுபள்ளத்தில் பின்பக்கம் அசைவதாக உணர்வார். ஆகவே டம்மியோடு நிறுத்தி, ராடின் மேல் மட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு ராடின் நீளத்தைத் திருகி ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரு பக்க டிரம் அல்லது டிஸ்க் முகத்திலிருந்து சேசிஸுக்கு ஒரே தூரம் வர வேண்டும்.

ஆக்சில் நேராகக் குறுக்கே இருக்கிறதா என்பதற்கு, சேசிஸின் முன்பகுதியில் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் உள்ள இரு புள்ளிகளை எடுத்து, ஆக்சிலின் இரு முனைக்கும் குறுக்காக அளங்கள். தூக்குக்குண்டு கட்டித் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து அளந்தால் குழாய்கள் வழிமறிக்காது. இரு குறுக்களவும் ஒன்றாகும்வரை டிரெய்லிங் ஆர்மின் நீளத்தைத் திருத்துங்கள். நீளம் மாற்ற முடியாத ஆர்ம் என்றால் வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, பிராக்கெட்டைச் சந்தேகியுங்கள்.

ஏற்றி இறக்கிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு பாடி ஏறிய காரின் அடியில் படுத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள். டம்மியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் இல்லாத ஷாக்கைப் பூட்டுங்கள். சக்கரத்தையும் மாட்டி, ஹப்புக்கு அடியில் ஜாக்கி வைத்து, ஷாக் முழுவதும் நீண்ட நிலையிலிருந்து முழுவதும் அமுங்கிய நிலைவரை மெல்ல ஏற்றுங்கள். சேசிஸ் ஸ்டாண்டைவிட்டு எழும்பத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள்.

ஒவ்வொரு 20 மி.மீ.க்கும் நின்று பார்க்க வேண்டியவை: பிரேக் ஹோஸ் முழுத் தொங்கலில் இழுபடுகிறதா, ஏறும்போது மடங்கி ஸ்பிரிங் வரப்போகும் இடத்தைத் தொடுகிறதா, ஷாக்கின் உடல் விஷ்போனில் முட்டுகிறதா, ஹேண்ட்பிரேக் கேபிள் ஷாஃப்ட்டின் ரப்பர் உறைமேல் படுகிறதா, டயர் பாடி வரப்போகும் இடத்தைத் தொடுகிறதா. ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றிக்கொண்டே இருங்கள். சிவி ஜாயின்ட் கோணம் அதிகமாகி இறுகினால் கையிலேயே தெரியும். ராட் எண்டுகள் தம் கூட்டில் இடிக்கின்றனவா என்றும் பாருங்கள். இடித்தால் கூம்பு ஸ்பேசர் போட வேண்டும். அத்தனையும் சரி என்றால் டம்மியை மறுபடி பூட்டுங்கள்.

கடைசி முறுக்கு

இப்போதுதான் டார்க் ரெஞ்ச் வெளியே வர வேண்டும். டம்மி பூட்டியிருக்கிறது, ஆர்ம்கள் நிற்கும் உயரத்தில் இருக்கின்றன. ஒத்திகை நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நைலாக் போடுங்கள். போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்து, நட்டைத் திருப்புங்கள். உலர்ந்த மரையுள்ள 8.8 தரப் போல்ட்டுக்கு எம்10 என்றால் சுமார் 45, எம்12 என்றால் சுமார் 80 நியூட்டன் மீட்டர் என்பது பொதுக் கணக்கு. கிட் கையேடு வேறு எண் சொன்னால் அதுதான் செல்லும், ஏனென்றால் பிராக்கெட்டின் தகடும் குழாயும் எவ்வளவு தாங்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். முறுக்கியவுடன் நட்டிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. பாதியில் தொலைபேசி அடித்து எழுந்து போனாலும், எது முடிந்தது எது முடியவில்லை என்ற குழப்பம் வராது.

ஸ்பிரிங்கும் உயரமும்

டம்மியை எடுத்துவிட்டு ஸ்பிரிங் போட்ட காயில்ஓவரைப் (ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்தது) பூட்டுங்கள். ஸ்பிரிங்கின் தட்டைத் திருகி ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. ஸ்பிரிங்கின் விறைப்பு அதே அளவுதான். மாறுவது காரின் உயரம். சக்கரத்தில் உணரப்படும் விறைப்பை நிர்ணயிப்பது, ஷாக் எங்கே பூட்டப்பட்டிருக்கிறது என்பது. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஷாக் 7 மி.மீ. அமுங்கினால் விகிதம் 0.7. அதன் வர்க்கம் 0.49. ஆக, மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் ஸ்பிரிங், சக்கரத்தில் ஏறக்குறைய 20 நியூட்டனாகத்தான் தெரியும். ஸ்பிரிங் மாற்ற நினைப்பவர்கள் இந்த விகிதத்தை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

தொடக்கத்தில், ஷாக் முழுவதும் நீண்டிருக்கும்போது ஸ்பிரிங் ஆடாமல் நிற்கும் அளவுக்குத் தட்டை ஏற்றினால் போதும். கார் முழுவதும் கட்டி முடிந்து, பெட்ரோல் பாதி டேங்க், ஓட்டுபவர் சீட்டில் என்ற நிலையில்தான் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். தரையில் இறக்கியதும் டயர் பிடித்துக்கொண்டு ஆர்ம்களை விரியவிடாது. காரை முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டிவிட்டு, பின்பக்கத்தை ஓரிரு முறை அமுக்கிவிட்டு அளங்கள். இலக்கு என்ன? ஷாக்கின் துளை மையத்திலிருந்து மையம்வரை டம்மியின் அதே நீளம், நம் எடுத்துக்காட்டில் 300 மி.மீ. மேலே சொன்ன விகிதத்தில், தட்டை 10 மி.மீ. ஏற்றினால் பின்பக்கம் சுமார் 14 மி.மீ. உயரும். திருகும் முன் மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, காரைத் தூக்கி எடையை எடுத்துவிட்டுத் திருகுங்கள். அலுமினிய மரை மண்ணோடு சேர்ந்தால் பற்றிக்கொள்ளும். பிற்பாடு விருப்பத்துக்காக உயரத்தை 20 மி.மீ. போல மாற்றினால், ரப்பர் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்திப் புது உயரத்தில் மறுபடி முறுக்க வேண்டும்.

சக்கரத்தின் நேர்மை

பின்சக்கரங்களின் முன்விளிம்பு கொஞ்சம் உள்நோக்கி இருப்பது நல்லது, வெளிநோக்கி இருக்கவே கூடாது. பின்பக்கம் வெளிநோக்கித் திரும்பிய கார் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் வாலை வீசும். எடை குறைந்த காரில் அது பயங்கரம். காரின் இருபுறமும் ஹப் உயரத்தில், நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டுங்கள். நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அளங்கள். 400 மி.மீ. குறுக்களவுள்ள ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 0.14 டிகிரி. பக்கத்துக்கு 1 மி.மீ. உள்நோக்கு என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு) ஒரு டிகிரி உள்சாய்வாக இருக்கட்டும். ரிம்மில் நேரான பட்டையைச் சாத்தி டிஜிட்டல் மட்டத்தை வைத்தால் தெரிந்துவிடும். கேம்பரை மாற்றினால் உள்நோக்கும் மாறும், ஆகவே கேம்பரை முதலில் முடியுங்கள். அளவு வந்ததும் ராட் எண்டின் லாக் நட்டுகளை இறுக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போதே ராட் எண்ட் கொஞ்சம் திரும்பிவிடும்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கரங்களைக் கழற்றி, ஒவ்வொரு பெயின்ட் கோடும் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட் போல்ட்டுகளை, கோடு சரியாக இருந்தாலும், டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை தொட்டுவிடுங்கள். சுரண்டிய பிராக்கெட்டைச் சுற்றிப் பவுடர் கோட்டிங் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் அந்த மூட்டு அசைகிறது என்று பொருள். அந்தப் போல்ட்டை எடுத்து, தண்டில் தேய்ந்த தடம் இருந்தால் புதிதாக மாற்றி, டம்மி ஷாக்கைத் திரும்பப் பூட்டி நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து முறுக்குங்கள். அந்தப் பட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள். கார் இருக்கும்வரை அவை வேண்டியிருக்கும்.